சேலம் வெயிலில் மீன் குஞ்சுக்கு உயிருணவு: எந்தக் கல்ச்சர் தாங்கும்?

அம்மாபேட்டை_ஃபைட்டர் கேட்டது:

வணக்கம். வீடு அம்மாபேட்டை, மீன் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. இப்போது அடிக்கிற வெயிலில் மதியம் தொட்டித் தண்ணீரே 33 டிகிரிக்குப் போகிறது. ஃபைட்டர் மீனை ஜோடி சேர்ப்பதிலோ முட்டை வைப்பதிலோ எனக்குப் பிரச்சினை இல்லை. ஆண் நுரைக்கூடு கட்டுகிறது, முட்டை பொரிகிறது, குஞ்சுகள் கூட்டுக்கடியில் வால் தொங்க நிற்கின்றன, எல்லாம் சரி. அவை நேராக நீந்த ஆரம்பித்ததும்தான் சோதனை. பொடித்தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அது அடியில் படிந்து தண்ணீரைக் கெடுப்பதுதான் மிச்சம். அதனால் உயிரோடு இருக்கிற தீனியை வீட்டிலேயே வளர்த்துக் (கல்ச்சர்) கொடுக்கப் பார்க்கிறேன்.

மைக்ரோவார்ம் என்கிற நூல் போன்ற நுண்புழுவை ஓட்ஸ் கஞ்சியில் விட்டால் முதல் வாரம் டப்பாச் சுவரெல்லாம் ஏறி மினுமினுக்கிறது, அடுத்த வாரம் கஞ்சி நீர்த்துப்போய் வீடே நாறுகிறது. அம்மா அதைத் தெருவில் வீசாத குறை. கடையில் வாங்குகிற மொய்னா என்கிற குட்டித் தண்ணீர்த்தெள்ளு குழாய்த் தண்ணீரில் ஒரு ராத்திரியைத் தாண்டுவதில்லை. ஆர்டிமியா என்கிற உப்புநீர்க் குட்டி இறாலின் முட்டை விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதுவும் ஒரு தடவை நன்றாகப் பொரிகிறது, இன்னொரு தடவை பாதிக்குமேல் பழுப்பாக அடியில் கிடக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன், "இதுக்கெல்லாம் எதுக்குத் தம்பி காசு, மாடியில ரெண்டு வாளித் தண்ணி வை, கொசுப்புழு தானா வரும்" என்கிறார். செய்யலாமா? இன்னொன்று, மாமா சேகோ ஆலையில் வேலை பார்க்கிறார், உடைந்த ஜவ்வரிசியும் திப்பியும் (மாவு எடுத்தபின் மிஞ்சுகிற மரவள்ளிச் சக்கை) கேட்ட அளவு கிடைக்கும். அதில் மைக்ரோவார்ம் வளருமா?

ஏப்ரல், மே இரண்டையும் தாண்டி நிற்கிற கல்ச்சர் எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், போதும்.


கொண்டலாம்பட்டி_கப்பி:

தம்பி, ஒன்றே ஒன்று என்று கட்டுப்போட்டால் பதில் சொல்ல முடியாது. குஞ்சின் வாய் வாரத்துக்கு வாரம் பெரிதாகிறது, தீனியும் கூடவே மாற வேண்டும். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்வி சரியான கேள்வி. முக்கால்வாசிப் பேர் இணையத்தில் குளிர்நாட்டுக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு அதே டப்பாவை இங்கே வைத்துவிட்டு வெயிலோடு மல்லுக்கட்டுகிறார்கள். வெயில் ஒத்துக்கொள்கிற கல்ச்சராகப் பார்த்து எடுங்கள். சேலத்துக்கு என் கணக்கு: முதல் சில நாளுக்கு வினிகர் ஈல் (வினிகரில் வளர்கிற மெல்லிய நுண்புழு), அப்புறம் ஆர்டிமியா, குஞ்சு கொஞ்சம் தேறியதும் மொய்னா. மைக்ரோவார்மை மழைக்காலத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் மொய்னா செத்ததற்கு வெயிலைக் குற்றம் சொல்லாதீர்கள், அது குளோரின் வேலை. மாநகராட்சி விடுகிற மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், மீன் தாங்குகிற அளவைக்கூட மொய்னா தாங்காது. வாளியில் பிடித்து, காற்றுக்குமிழி விடுகிற ஏர்ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள், அவசரம் என்றால் மீன் கடையில் விற்கிற ஆன்டி குளோரின் சில சொட்டு. இதைவிட நல்லது ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: தொட்டித் தண்ணீர் மாற்றும்போது வெளியே ஊற்றுகிற பழைய தண்ணீர். அதைக் கண்ணாடி பாட்டிலிலோ வெளிர்நிற வாளியிலோ பிடித்து வெயிலில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சையாகிவிடும். மொய்னாவுக்கு அந்தப் பச்சைத் தண்ணீரைவிடச் சிறந்த தீனி கிடையாது. பச்சைத் தண்ணீர் வெயிலில் இருக்கட்டும், மொய்னா டப் மட்டும் நிழலில். 24-லிருந்து 31 டிகிரி வரை அது துள்ளி விளையாடும், மாடியில் நேர் வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் வெந்துவிடும். கீழே வடக்குப் பக்கச் சந்து, வேப்பமரத்தடி, கிணற்றடி என்று ஏதாவது இடம் பாருங்கள். ஆழமான டிரம்மைவிட வாயகன்ற டப் நல்லது.

பச்சைத் தண்ணீர் இல்லாத நாளில் ஈஸ்ட் கொடுக்கலாம். ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, டப் தண்ணீர் லேசாகக் கலங்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். மறுநாள் பார்க்கும்போது தெளிந்திருந்தால் மறுபடி கொடுக்கலாம், கலங்கலாகவே இருந்தால் அன்றைக்குப் பட்டினி. பட்டினியில் சாகிற மொய்னாவைவிடத் தின்னக் கொடுத்தே சாகடிக்கிற மொய்னாதான் அதிகம். நன்றாகப் பிடித்துவிட்டால் தினமும் கால்வாசியை வலையில் வடித்து எடுக்கலாம், எடுக்க எடுக்கத்தான் பெருகும். டப்பில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாம் பெண்கள், ஆண் இல்லாமலே குட்டி போடும். இடநெருக்கடியோ தீனித் தட்டுப்பாடோ வந்தால்தான் ஆண்கள் பிறந்து, தாயின் முதுகில் கறுப்பாக ஓடு கட்டின முட்டை தெரியும். அதைப் பார்த்தால் டப் சரிகிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம், அடியில் படிந்த மண்டியை நிழலில் காயவைத்துப் பொட்டலம் கட்டிவிடுங்கள், பின்னால் தண்ணீர் ஊற்றினால் அதிலிருந்து மறுபடி பொரியும். என்ன ஆனாலும் இரண்டு டப் வேண்டும், இரண்டும் வேறு வேறு இடத்தில். நேற்று வரை கொதித்துக்கொண்டிருந்த டப் இன்று காலையில் காலியாக நிற்கும், காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஆர்டிமியாவுக்கு வருவோம். ஒரு லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, எடை போட்டுப் பாருங்கள், ஸ்பூன் கணக்கெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சிட்டிகை சமையல் சோடா. முட்டை லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் வேண்டாம், ஒரு ஈட்டுக் குஞ்சுக்கு அதுவே அதிகம். அடி வெட்டின பாட்டிலைக் கவிழ்த்து வைத்து, காற்று பலமாக ஓட வேண்டும், முட்டை ஓரிடத்திலும் படியக் கூடாது. முதல் சில மணி நேரம் வெளிச்சம் பட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொள்கிற முட்டை பொரியாது, அதை அவ்வப்போது தண்ணீர் தெளித்து இறக்கிவிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு தடவை பொரிந்து ஒரு தடவை பொரியவில்லை என்றால், முட்டை டப்பாவுக்குள் ஈரம் போய்விட்டது. திறந்த அன்றே சின்னச் சின்னப் பாட்டிலாகப் பிரித்து, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள்.

26, 28 டிகிரியில் 24 மணி நேரம் கணக்கு. உங்கள் அறையில் அதற்கு முன்னாலேயே பொரியும், அதனால் காலையில் பொரிந்ததை ராத்திரிக்கு என்று வைக்காதீர்கள். பிறந்த ஆர்டிமியா வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவைத்தான் எரித்துக்கொண்டிருக்கும், வெப்பம் கூடக்கூட வேகமாக எரிக்கும், நேரம் போகப்போக உங்கள் மீனுக்குக் கிடைப்பது சக்கை. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, கீழ்ப்பக்கம் டார்ச் அடியுங்கள். காலி ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளது வெளிச்சத்துக்கு வந்து ஆரஞ்சாகத் திரளும், அதை மட்டும் டியூப் வைத்து இழுத்து, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். ஓடு கலந்து போனால் குஞ்சுக்கு வயிறு அடைக்கும். கொடுத்து அரை மணி கழித்துக் குஞ்சை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், கண்ணாடி உடம்புக்குள் வயிறு மட்டும் கடுகளவு ஆரஞ்சாகத் தெரியும். தெரியாத குஞ்சுக்கு வாய் இன்னும் போதவில்லை, அதற்கு வினிகர் ஈலே தொடரட்டும்.

ஜவ்வரிசி, திப்பி இரண்டும் மாவுச்சத்துதான், புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஈஸ்ட் தூவினால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் ஓட்ஸ் கலக்காமல் நன்றாகப் பெருகாது. திப்பியை மாட்டுக்காரரிடமே விட்டுவிடுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை_பெரியவர்:

இவ்வளவு கூத்து எதற்கு என்று புரியவில்லை. நாங்கள் மீன் வளர்த்த காலத்தில் வெந்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிவோம், காய்ந்த வாழைப்பழத்தோலைச் சாடியில் ஊறப்போடுவோம், அவ்வளவுதான். குஞ்சு வளரத்தான் செய்தது.


கொண்டலாம்பட்டி_கப்பி:

ஐயா, வாழைப்பழத்தோல் சங்கதி இன்றைக்கும் நூற்றுக்கு நூறு சரி, அதில் வருகிற நுண்ணுயிர்க் கூட்டத்தைத்தான் இன்ஃபுசோரியா என்கிறோம். தண்ணீர் முதலில் பால் மாதிரி கலங்கி, சில நாளில் தெளிந்து, டார்ச் அடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தாமாக நகர்வது தெரியும், அப்போது கொடுக்கலாம். கலங்கலாக இருக்கும்போதே ஊற்றினால் வெறும் பாக்டீரியாவைத்தான் ஊற்றுகிறோம். குராமி மீன் குஞ்சுக்கு வாய் ஃபைட்டரைவிடச் சிறியது, அதற்கு இது இல்லாமல் முடியாது. மஞ்சள் கரு மட்டும் இந்த வெயிலுக்கு ஆகாது ஐயா, தின்றது போக மிச்சம் மதியத்துக்குள் அழுகிவிடும்.


ஏற்காடு_மலைமீன்:

மேலேயிருந்து ஒரு குரல். நீங்கள் எல்லாம் வெயிலைத் திட்டுகிறீர்கள், எங்களுக்கு அப்படியே தலைகீழ். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மார்கழியில் தொட்டித் தண்ணீர் ஹீட்டர் இல்லாமல் 20-ஐத் தொடாது. அந்தக் குளிரில் ஆர்டிமியாவை மேசையில் வைத்தால் இரண்டு நாளானாலும் அரைகுறைதான். பாட்டிலைத் தனியே சூடாக்க முடியாது, ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் மீன் தொட்டி ஹீட்டரைப் போட்டு 28-இல் வைத்து, பாட்டிலை அந்த வாளிக்குள் நிறுத்திவிடுவேன். ஒரே ஹீட்டரில் மூன்று பாட்டில் நிற்கும். மொய்னாவும் இங்கே குளிர்காலத்தில் தூங்குமூஞ்சிதான், கீழே தினமும் வடிக்கிற அளவுக்கு இங்கே வாரத்துக்கு ஒரு தடவை வடித்தாலே பெரிது.

ஆனால் மைக்ரோவார்ம் இந்த மலைக்கென்றே பிறந்தது. 20-லிருந்து 25 டிகிரிக்குள் கஞ்சி ஒரு மாதம் தாராளமாகக் கெடாமல் நிற்கும், புளித்த வாசனைதான் வரும், நாற்றம் வராது. கொண்டலாம்பட்டிக்காரர் அதை மழைக்காலத்துக்குத் தள்ளிவிட்டார், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சேலத்திலும் கோடையில் வைக்கலாம், இடம்தான் முக்கியம். குடிதண்ணீர் மண்பானையை ஈர மணல்மேல் வைப்போம் இல்லையா, அந்த மணலில் பானைக்குப் பக்கத்திலேயே டப்பாவைப் பாதி புதைத்து வையுங்கள். மணல் காயாமல் இருக்கிற வரைக்கும் அங்கே அறையைவிடச் சூடு நன்றாகக் குறைந்திருக்கும். (பானையும் கல்ச்சரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க உங்கள் அம்மா விடுவாரா என்பது என் பொறுப்பு இல்லை. தனியாக ஒரு மண்தட்டில் மணல் போட்டு நனைத்து வைத்தாலும் அதே பலன்தான்.)

அப்புறம் கஞ்சியின் பதம். பலர் குடிக்கிற கஞ்சி மாதிரி காய்ச்சுகிறார்கள். ஓட்ஸ் களி பதத்தில், டப்பாவைச் சாய்த்தால் சரியாத அளவுக்குக் கெட்டியாக, விரல் கனத்துக்கு மேல் இல்லாமல் பரப்புங்கள். ஆறியபிறகு மேலே ஈஸ்ட் தூவி, அதன்மேல் ஸ்டார்ட்டரை (ஏற்கெனவே புழு உள்ள கல்ச்சரில் கொஞ்சம்) தடவுங்கள். புழுக்கள் ஓட்ஸைத் தின்பதைவிட அதன்மேல் வளர்கிற ஈஸ்டையும் பாக்டீரியாவையும்தான் தின்கின்றன. கஞ்சி நீர்க்க ஆரம்பித்ததும் காத்திருக்காமல் புது டப்பாவுக்கு ஒரு ஸ்பூன் மாற்றிவிட வேண்டும், வெயில் காலத்தில் இதைப் பத்து நாளைக்கு ஒருமுறை வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் துளை போட்டு அந்தத் துளையில் பஞ்சோ துணியோ அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பழ ஈ உள்ளே போய் முட்டை வைத்து, புழுவுக்குப் பதில் வேறு புழுவை அறுவடை செய்வீர்கள். எடுக்கும்போது கஞ்சியைத் தொடவே வேண்டாம், சுவரில் ஏறியதை மட்டும் விரலால் வழித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது அடிக்குப் போய்விடும் என்பது ஒன்றுதான் குறை. ஃபைட்டர் குஞ்சு மேல்மட்டத்தில் மேய்கிறது, அதனால் முதல் நாட்களில் தண்ணீர் உயரத்தைக் குறைத்து வைத்தால் எட்டும்.


அஸ்தம்பட்டி_டெங்குப்பணி:

கொசுப்புழு கேள்வியை எல்லாரும் சத்தமில்லாமல் தாண்டிவிட்டீர்கள். நான் வார்டில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி பார்க்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தம்பி, செய்யாதீர்கள். கொசுப்புழு நல்ல தீனி என்பது எனக்கும் தெரியும், நாங்களே கிணற்றிலும் தொட்டியிலும் கப்பி, கம்பூசியா மீன்களை விடுவது அது புழுவைத் தின்னும் என்பதற்காகத்தான். சிக்கல் என்னவென்றால், மாடியில் வைக்கிற சுத்தமான வாளித் தண்ணீரைத் தேடி வருவது ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்புகிற அதே கொசு. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தினமும் டீ வடிகட்டியில் அள்ளுவேன் என்பீர்கள். இரண்டு நாள் ஊருக்குப் போனால்? கூட்டுப்புழுவாகிவிட்டதை மீன் குஞ்சு தின்னவும் முடியாது, அது நேராக உங்கள் பக்கத்து வீட்டுக்குத்தான் பறக்கும்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடாது, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே வாளிச் சுவரில் ஒட்டிவைக்கும். வாளியைக் கவிழ்த்துக் காயவைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிந்துவிடும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள் என்று வாசல் வாசலாகக் கத்துகிறோம். கொசு வளர இடம் கொடுப்பது 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி நடவடிக்கைக்கு உரியது, தெரிந்தே வாளி வைத்து வளர்த்தேன் என்று சொன்னால் நான் நோட்டீஸ் எழுதாமல் போக முடியாது.

இதே காரணத்துக்காக மொய்னா டப், பச்சைத் தண்ணீர் வாளி எல்லாவற்றுக்கும் கொசுவலை கட்டாயம். தொங்கலாகப் போர்த்தினால் போதாது, விளிம்பில் எலாஸ்டிக் வைத்து இறுக்குங்கள். தட்டான் வந்து முட்டையிடுவதும் அதோடு நின்றுவிடும், தட்டான் புழு ஒன்று டப்பில் இருந்தால் மொய்னாவும் மிஞ்சாது, பிறகு மீன் குஞ்சும் மிஞ்சாது.


அம்மாபேட்டை_ஃபைட்டர்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, வாளி யோசனையை விட்டுவிட்டேன், அண்ணனிடம் உங்கள் பதிலை அப்படியே காட்டிவிடுகிறேன். மணல் தட்டு இன்றைக்கே வைக்கிறேன். கொண்டலாம்பட்டி அண்ணா, வினிகர் ஈல் என்கிறீர்கள், புளிப்பிலிருந்து எடுத்து எப்படிக் குஞ்சுத் தொட்டியில் விடுவது? வினிகரோடு ஊற்றினால் தண்ணீர் என்ன ஆகும்? இடைப்பட்ட நாளில் கடையில் விற்கிற ட்யூபிஃபெக்ஸ் புழுவை நறுக்கிக் கொடுத்தால் தப்பா?


கொண்டலாம்பட்டி_கப்பி:

ட்யூபிஃபெக்ஸ் வேண்டாம் தம்பி. அது சாக்கடைச் சேற்றில் வளர்கிறது, அந்தச் சேற்றில் இருப்பதெல்லாம் அதன் உடம்பிலும் இருக்கும். நம் திருமணிமுத்தாறு இருக்கிற நிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், சாக்கடையும் சாயத்தண்ணீரும் கலந்து ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு எனக்கு அதைக் கையால் தொடவே மனம் வருவதில்லை. பெரிய மீனுக்கே நான் கொடுப்பதில்லை, குஞ்சுக்கு எங்கே.

வினிகர் ஈல் ரொம்பச் சோம்பேறிக் கல்ச்சர், அதனால்தான் உங்களுக்குச் சொன்னேன். ஆப்பிள் சிடர் வினிகர் பாதி, குளோரின் போன தண்ணீர் பாதி, ஒரு துண்டு ஆப்பிள், அதில் ஸ்டார்ட்டரை ஊற்றித் துணி கட்டி அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் யாரும் தொட வேண்டாம். நாற்றமும் கிடையாது, ஊறுகாய்ச் சாடியைத் திறந்த மாதிரி ஒரு புளிப்பு வாசனை, அவ்வளவுதான். உங்கள் அறை வெயிலையும் தாங்கும். பெருகுவது மட்டும் மெதுவாக, அதனால் ஜோடி சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

எடுப்பதற்கு நீளக் கழுத்துப் பாட்டில் ஒன்று வேண்டும். கல்ச்சரைக் கழுத்தின் அடிவரை ஊற்றி, அங்கே ஃபில்டர் பஞ்சை வினிகரைத் தொடுகிற மாதிரி அடைத்து, பஞ்சுக்கு மேலே நல்ல தண்ணீரை மெதுவாக விடுங்கள். கீழே காற்று குறையக் குறைய ஈல்கள் பஞ்சைத் துளைத்துக்கொண்டு மேல் தண்ணீருக்கு வந்துவிடும், வினிகர் கீழேயே நிற்கும். சாயங்காலம் ஊற்றினால் மறுநாள் காலையில் கழுத்தில் வெள்ளி நூல் நெளிவது தெரியும். சிரிஞ்சால் உறிஞ்சி நேராகக் குஞ்சுத் தொட்டியில் விடலாம். மைக்ரோவார்ம் ஒரு நாளுக்குள் அடியில் செத்துக் கிடக்கும், இது நல்ல தண்ணீரில் நாள்கணக்கில் உயிரோடு நடுத்தண்ணீரில் நீந்திக்கொண்டே இருக்கும், அதனால் குஞ்சு பசித்தபோதெல்லாம் எதிரில் தீனி நிற்கும். சத்து என்று பார்த்தால் ஆர்டிமியாவுக்கு ஈடாகாது, வாரக்கணக்கில் இதையே கொடுத்தால் குஞ்சு சாகாது, ஆனால் வளராது. வாய் பெரிதானதும் மாற்றிவிடுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கிற வெள்ளை வினிகரில் போடாதீர்கள், வெறும் அமிலம், அதில் அது தின்ன ஒன்றும் இல்லை.

மலைமீன் சொன்ன ஈர மணலை நானும் போட்டுப் பார்க்கிறேன். மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றால் எனக்கும் சந்தோஷம்தான்.


ஏற்காடு_மலைமீன்:

ஸ்டார்ட்டர் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை தருகிறேன், காய்கறி வாங்கக் கீழே வருவேன், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி நீங்கள் வர வேண்டாம். அடிவாரத்தில் செக்போஸ்ட் தாண்டி நிற்கிறேன். களி முதல் நாளே கிளறி ஆறவைத்துவிடுங்கள், சூட்டோடு இருந்தால் ஸ்டார்ட்டர் போட முடியாது. மூடி போட்ட டப்பா இரண்டு கொண்டுவாருங்கள், மூடியில் துளை சின்னதாக. வண்டிப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், கையோடு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வினிகர் ஈல் என்னிடம் இல்லை, கொண்டலாம்பட்டிக்காரர் கொஞ்சம் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு பாட்டில் வேண்டும்.